அண்ணாவுக்கு, மிச்சிகன் ஆட்டம் முடிந்து ஒரு வருஷம்

அண்ணா,

நாளை நவம்பர் 9. வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்ததை இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம், அதனால் சிலதைத் தொட மாட்டேன். உங்களுக்குப் புரியும்.

நம் இந்தியானா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு சிக்னெட்டி கோச்சாக வந்த அன்று, "கோச் மாறினா தலையெழுத்து மாறுமா?" என்றீர்கள். வெற்றி-தோல்வி 2-10, 4-8, 3-9 என்று மூன்று சீசன்களைப் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். வேறென்ன சொல்ல முடியும்? அவர் முன்பு கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் பையன்கள் 13 பேரைக் கூட்டிவந்தார். அந்தக் கோடையில்தான் நீங்கள் திருச்சிக்குப் போனீர்கள். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. தோற்றபோதெல்லாம் கூட இருந்துவிட்டு, ஜெயிக்கிற நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டீர்களே!

நெப்ராஸ்காவை 56-7 என்று நொறுக்கிய அன்றுகூட உங்களுக்கு ஸ்கோர் அனுப்பவில்லை. வேண்டுமென்றேதான்.

அந்தச் சாயங்காலம். மிச்சிகனுக்கு எதிராக முதல் பாதியில் நாம் 17-3. இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் நகர்ந்தது மொத்தம் 18 யார்டு. மிச்சிகன் 15-க்கு வந்து, சமன் செய்ய இரண்டு பாயின்டுக்கு முயன்றது. தடுத்துவிட்டார்கள். மெமோரியல் ஸ்டேடியமே எழுந்து கத்தியது. அப்போது கோட்டுப் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. உங்கள் பெயர். அங்கே விடிகாலை ஐந்து மணி. தூங்காமல் ஆட்டம் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். தவிக்கட்டும் என்று நினைத்தேன். அதிர்ந்து அடங்கும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நாம் உதைத்த ஃபீல்டு கோல், மூன்று பாயின்டு, 20-15, பத்துக்குப் பத்து வெற்றி. யாரென்றே தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

எதற்கான அழைப்பு அது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

மன்னித்துவிடுங்கள் அண்ணா. ஆனால் அந்தச் சத்தத்தில் எடுத்திருந்தாலும் ஒன்றும் கேட்டிருக்காது. இல்லை, வெளியே ஓடிப்போய்ப் பேசியிருக்கலாம். நீங்களும் மறுபடி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். ஒரு வரி அனுப்பியிருக்கலாம். மூன்று நாள் கழித்து மூன்றாம் மனிதர் வாயால் எனக்குத் தெரிய வேண்டுமா? பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற நம் குவார்ட்டர்பேக் ரூர்க் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே அந்த சீசனை ஆடினார் என்று ஜனவரியில் தெரிந்தபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. அவர் வாய் திறக்காததை எல்லாரும் வீரம் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டிடம் அடி, கடைசியில் நோட்ர டாமிடம் தோல்வி, 11-2. பர்டூவை 66-0 என்று அடித்தோம். ஆறு மாதம் முன்பு என்றால் நீங்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றியிருப்பீர்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன், அந்தக் குளிரில் உங்கள் சீட்டில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

டிசம்பரில் டிக்கெட் போட்டுவிட்டேன். எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் திருச்சி. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். முதலில் அம்மாவிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் திட்டுங்கள்.