தலைப்பு வந்துச்சு, அடுத்த செய்தி எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மருத்துவ பக்கத்தை விடாம படிக்கிற ஆளு நான், அந்த உரிமைலதான் இதை எழுதறேன். வேலை ஒரு பல்கலைக்கழக கேன்சர் ஆராய்ச்சி மையத்துல. டாக்டரும் இல்ல விஞ்ஞானியும் இல்ல, கிளினிக்கல் ட்ரையல்ல, அதாவது புது மருந்தை மனுஷங்களுக்கு குடுத்து சோதிக்கற ஆய்வுல, சேர்றவங்களோட கையெழுத்து ஃபார்ம், ஸ்கேன் ரிப்போர்ட், அடுத்த செக்கப் தேதின்னு எல்லாத்தையும் பாத்துக்கற கோஆர்டினேட்டர். "கேன்சருக்கு புது மருந்து, விஞ்ஞானிகள் சாதனை"ன்னு எந்த பத்திரிகைல வந்தாலும் அன்னிக்கு காலைல எங்க போன் அடிக்க ஆரம்பிச்சிடும், அந்த மருந்து உங்ககிட்ட இருக்கா, அம்மாவுக்கு குடுக்கலாமா, எப்போ கூட்டிட்டு வரட்டும்னு. செய்தியை எடுத்து பாத்தா பாதி நேரம் அது எலிக்கு குடுத்த மருந்தா இருக்கும், இல்லன்னா லேப் தட்டுல வளர்த்த செல்லு மேல ஊத்தி பாத்ததா இருக்கும், அந்த விஷயம் கடைசி பத்தில ஒரு வரியா ஒளிஞ்சிருக்கும், அந்த ஒரு வரியை போன்ல எடுத்து சொல்ற வேலை எங்களுக்கு.

பழியை பத்திரிகை மேல மட்டும் போட நான் வரல. பிரிட்டன்ல 20 பெரிய பல்கலைக்கழகங்கள் பத்திரிகைகளுக்கு அனுப்பின 462 மருத்துவ அறிக்கையை, அதான் பிரஸ் ரிலீஸை, கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒண்ணொண்ணா எடுத்து மூல ஆய்வோட ஒப்பிட்டு பாத்தாங்க, 2014ல பிஎம்ஜேங்கற மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு. விலங்குகள்ல செஞ்ச ஆய்வு பத்தின பிரஸ் ரிலீஸ்கள்ல 36 சதவீதம், அதை மனுஷனுக்கும் பொருந்தும்ங்கற மாதிரி ஊதி விட்டிருந்துச்சு. பிரஸ் ரிலீஸ்லயே ஊதியிருந்தா செய்திகள்லயும் 86 சதவீதம் அப்படியே ஊதி வந்துச்சு, பிரஸ் ரிலீஸ் அடக்கமா இருந்தா அது வெறும் 10 சதவீதம். அதாவது பெருமை அடிக்கறதை பல்கலைக்கழகமே ஆரம்பிச்சு வைக்குது. கிராண்ட் வாங்கணும், நன்கொடை வரணும், பேர் வெளிய தெரியணும், உள்ள இருக்கறதால எனக்கு இது புரியுது, புரிஞ்சா மட்டும் சரின்னு ஆயிடுமா.

1998 கதை உங்களுக்கு கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். ஹார்வர்டுல ஜூடா ஃபோக்மேன், கட்டிக்கு ரத்தக்குழாய் வளர விடாம தடுத்தா கட்டி பட்டினி கிடந்து சுருங்கும்னு 1971லயே சொன்னவர். அவர் லேப்ல அப்படி ரத்தக்குழாயை தடுக்கற எண்டோஸ்டாட்டின்ங்கற மருந்தை குடுத்த எலிகளுக்கு கட்டி சுருங்கிச்சு, இது 1997 நவம்பர்ல நேச்சர்ங்கற அறிவியல் ஜர்னல்ல வந்துச்சு, அப்போவே நியூயார்க் டைம்ஸ் உள்பக்கத்துல போட்டாங்க, யாரும் கண்டுக்கல. அஞ்சு மாசம் கழிச்சு 1998 மே 3, ஞாயித்துக்கிழமை, கிட்டத்தட்ட அதே விஷயத்தை முதல் பக்கத்துல போட்டாங்க. ரெண்டே வருஷத்துல ஜூடா கேன்சரை குணமாக்கிடுவார்னு டிஎன்ஏ அமைப்பை கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாவும் அதுல இருந்துச்சு. மறுநாள் அந்த மருந்தை தயாரிக்கற கம்பெனியோட ஷேர் 12 டாலர்ல இருந்து ஒரு கட்டத்துல 85க்கு போயிடுச்சு. வாட்சன் நான் அப்படி சொல்லவே இல்லன்னு அதே பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுத வேண்டியதாச்சு. ஃபோக்மேன் பாவம், உங்களுக்கு கேன்சர் இருந்து நீங்க எலியாவும் இருந்தா எங்களால நல்லா பாத்துக்க முடியும்னு அந்த செய்திக்குள்ளயே சொல்லியிருந்தார், ஆனா அதை யார் படிச்சா? மனுஷங்கள்ல எண்டோஸ்டாட்டின் எதிர்பார்த்த அளவு எடுபடல. ஆனா ரத்தக்குழாயை தடுக்கறதுங்கற அவரோட யோசனை தப்பில்ல, அதே வழில வந்த பெவாசிசுமாப் 2004ல பெருங்குடல் கேன்சருக்கு அனுமதி வாங்குச்சு. குணமாக்கற மருந்து இல்ல அது, கீமோவோட சேத்து குடுத்தா சில மாச ஆயுசு கூட கிடைக்குது. இந்த கடைசி பகுதிக்கு எந்த ஞாயித்துக்கிழமையும் 1998 அளவுக்கு ஆர்ப்பாட்டம் நடக்கல.

என் குறை இங்கதான் இருக்கு. முதல் செய்தியை பெரிசா போடறீங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு போடறதே இல்ல. கெட்ட செய்தியை மட்டும் சொல்லல, நல்லதையும்தான் விட்டுடறீங்க. 2022 ஜூன்ல டோஸ்டார்லிமாப்னு ஒரு மருந்து, நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் மையத்துல மலக்குடல் கேன்சர் இருந்த 12 பேருக்கு குடுத்து 12 பேருக்கும் கட்டி மறைஞ்சுது, உலகம் பூரா "கேன்சர் மாயம்"னு தலைப்பு. பொய் இல்ல. ஆனா செல்லுக்குள்ள டிஎன்ஏ பிழையை சரி பண்ற வேலை கெட்டுப்போன ஒரு வகை கட்டிக்குத்தான் அது, மலக்குடல் கேன்சர்லயே நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து பேருக்குதான் அந்த வகை வரும், அதுலயும் வேற உறுப்புக்கு பரவாதவங்களை மட்டும்தான் சேத்தாங்க. அந்த வாரம் எங்களுக்கு வந்த போன்கள்ல மார்பக கேன்சர், நுரையீரல், கல்லீரல்னு எல்லாம் கேட்டாங்க. சரி, ரெண்டு வருஷம் கழிச்சு 2024ல சிகாகோல நடந்த ஆஸ்கோங்கற கேன்சர் டாக்டர்கள் மாநாட்டுல, சிகிச்சையை முடிச்ச 42 பேருக்கும் கட்டி தெரியலன்னு சொன்னாங்க. 12 பேரை விட 42 பேர் எவ்வளவு பெரிய செய்தி! நான் உங்க பத்திரிகையை புரட்டி புரட்டி பாத்தேன், ஒரு துணுக்கு கூட இல்ல.

கெட்டதுக்கு டியூக் பல்கலைக்கழக விஷயத்தை எடுத்துக்கோங்க. யாருக்கு எந்த கீமோ வேலை செய்யும்னு கட்டியோட ஜீன்களை வச்சே சொல்லிடலாம்னு 2006ல நேச்சர் மெடிசின்ல பேப்பர், ஏக பாராட்டு, அதை நம்பி நிஜ நோயாளிகளை வச்சு ட்ரையலும் ஆரம்பிச்சாச்சு. டெக்சாஸ்ல எம்டி ஆண்டர்சன் கேன்சர் மையத்துல கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ்னு ரெண்டு புள்ளியியல் ஆட்கள் உக்காந்து டேட்டாவை நோண்டினா, ஜீன் பட்டியல் ஒரு வரிசை தள்ளி உக்காந்திருக்கு, சில இடத்துல மருந்துக்கு கேக்கற கட்டி, கேக்காத கட்டிங்கற பேரே தலைகீழா மாறி இருக்கு. அவங்க ரெண்டு பேரும் எழுதி எழுதி பாத்தும் டியூக்ல வருஷக்கணக்கா இழுத்தாங்க, 2010ல ட்ரையலை நிறுத்தினாங்க, 2011ல பேப்பரை வாபஸ் வாங்கினாங்க. கோஆர்டினேட்டரா இதை படிக்கும்போது எனக்கு அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டவங்க நினைப்புதான் வந்துச்சு, எந்த கீமோன்னு நம்பி ஒத்துக்கிட்டவங்க. இது மாதிரி வாபஸ் செய்திகளுக்கும் முதல் செய்தி வந்த அதே பக்கத்துல இடம் குடுங்க, அது எங்களை மாதிரி மையங்களுக்கு எரிச்சலா இருந்தாலும் பரவாயில்ல.

இன்னொரு விஷயம், இந்த வேலை எவ்வளவு மெதுவா நடக்கும்னு உங்க வாசகர்களுக்கு யாரும் சொல்றதில்ல. ஒரு வகை ரத்தப்புற்றுல ஒரு குட்டி குரோமோசோம் (செல்லுக்குள்ள ஜீன்களை தாங்கற இழை) இருக்குன்னு பிலடெல்பியால பாத்தது 1960. சிகாகோ பல்கலைக்கழகத்துல ஜேனட் ரோலி வீட்டு டைனிங் டேபிள்ல குரோமோசோம் போட்டோவை வெட்டி வெட்டி அடுக்கி, 9ஆவதும் 22ஆவதும் துண்டு மாத்திக்கிட்டிருக்குன்னு சொன்னது 1973. அதோட விளைவை தடுக்கற இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்கால அனுமதி கிடைச்சது 2001. நாப்பத்தோரு வருஷம். நடுவுல எத்தனை பிஎச்டி பசங்க எத்தனை ராத்திரி கண் முழிச்சிருப்பாங்க, அதுல எதுவுமே செய்தி ஆகல, ஆகவும் வேண்டாம், ஆனா "அஞ்சு வருஷத்துல மருந்து வரும்"னு ஒரு பேராசிரியர் சொன்னா எதை வச்சு சொல்றீங்கன்னு உங்க நிருபர் ஒரு கேள்வி கேக்கலாமே. மனுஷங்கள்ல செய்யற முதல் கட்டமான ஃபேஸ் 1 ட்ரையலுக்குள்ள நுழையற கேன்சர் மருந்துல நூத்துக்கு அஞ்சு வாக்குலதான் கடைசில அனுமதி வாங்குது.

அதனால ரெண்டு கோரிக்கை. எலியா, தட்டா, மனுஷனா, மனுஷன்னா எத்தனை பேர், எந்த வகை கேன்சர்ங்கறது முதல் பத்திலயே வரட்டும், முடிஞ்சா தலைப்புலயே. அடுத்தது, வருஷா வருஷம் பிப்ரவரி 4 உலக புற்றுநோய் தினத்துக்கு ரிப்பன் குத்தின விருந்தாளிங்க போட்டோ போடறீங்கல்ல, அந்த இடத்துல உங்க பத்திரிகை போன வருஷங்கள்ல போட்ட கேன்சர் கண்டுபிடிப்பு செய்திகளை எடுத்து, எது இப்போ எந்த கட்டத்துல இருக்கு, எது நின்னு போச்சு, எதுக்கு ட்ரையல்ல ஆள் எடுக்கறாங்கன்னு ஒரு பக்கம் போடுங்க. உங்க பழைய இதழ்கள்லயே பட்டியல் இருக்கு.

கடிதம் நீளமாயிடுச்சு, தெரியுது. வெட்டணும்னா ஃபோக்மேன் கதையை வெட்டிக்கோங்க, அந்த 42 பேர் செய்தியை மட்டும் விட்டுடாதீங்க, உங்க வாசகர்கள் அதை இன்னும் படிக்கல.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி