மெத்தட் பெயர்கள் மோதும்போது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்நோக்கு நிரலாக்கம் (தரவையும் அதன்மீதான செயல்களையும் ஒன்றாகக் கட்டி நிரல் எழுதும் முறை) கற்பிப்போர் பலர், ஒரே பெயர் இரண்டு இடங்களிலிருந்து வரும் பெயர் மோதலைச் சிறு தொல்லையாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். ஜாவா என்ற நிரல்மொழியில் 'டேட்' என்ற கிளாஸ் (பொருள்களை உருவாக்கும் வார்ப்பு) யூட்டில், எஸ்கியூஎல் ஆகிய இரு பேக்கேஜ்களிலும் (கிளாஸ் தொகுப்புகளிலும்) உண்டு. ஒரே கோப்பில் இரண்டும் தேவையெனில் ஒன்றையாவது பேக்கேஜ் பெயரும் சேர்ந்த முழுப்பெயரால் குறிப்பிட்டால் போதும். மெத்தட்கள், அதாவது கிளாஸுக்குள் எழுதப்படும் செயல்கள், மோதுவதுதான் சிக்கல். 2014-இல் வெளியான ஜாவா 8 முதல் இன்டர்ஃபேஸ்களிலேயே (ஒரு கிளாஸிடம் இருக்க வேண்டிய மெத்தட்களைக் கூறும் வரையறைகளிலேயே) செயலாக்கத்துடன் மெத்தட்களை எழுத முடிவதால், தொடர்பற்ற இரு இன்டர்ஃபேஸ்களிலிருந்து ஒரே பெயரும் ஒரே அளவுருக்களும் (உள்ளீடுகளும்) கொண்ட மெத்தட்கள் ஒரு கிளாஸில் வந்து சேர்ந்தால், அந்த கிளாஸ் அதைத் தானே மறுவரையறை செய்யும்வரை கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஏற்பதில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியோ, மெத்தட்களைத் தரும் பெற்றோர் கிளாஸ்களின் வரிசைப்படி ஒன்றைச் சத்தமில்லாமல் தேர்ந்துகொள்கிறது. வசதிதான், ஆனால் பிழை எளிதில் கண்ணில் படாது. என் பார்வையில் ஜாவாவின் கண்டிப்பே மேல். ஒரு கிளாஸ் மற்றொன்றின் மெத்தட்களைப் பெறும் மரபுரிமையைக் கற்பிக்கும் பாடத்திலேயே இந்த வேறுபாட்டையும் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிரலாளர் ஒருவர்