முன்பணம் கொடுக்கும் முன்

கோத்தகிரி

அன்புள்ள பத்மா,

உன் கடிதம் வந்து வெகுநாளாகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். மழை, மின்வெட்டு, அம்மாவின் மூட்டுவலி என்று காரணங்கள் உண்டு. அவற்றை விரித்து எழுதி உன் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். இங்கே எல்லோரும் நலம். சரோஜா டீச்சர் அடுத்த மாதம் குன்னூருக்குக் குடிவருகிறார், இன்னமும் "அந்த வாலு எப்படி இருக்கிறாள்?" என்றுதான் உன்னை விசாரிக்கிறார். இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வித்யாவின் கல்யாணத்துக்கு வாங்கப்போவதாக நீ அனுப்பிய, டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சை நகைக்கல்லில் கோர்த்த மாலையின் படம். அதைப் பார்த்ததிலிருந்து என் மனம் நிலைகொள்ளவில்லை.

"ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை, நாற்பது மணிகளும் ஒரே நீலம்" என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கல்லூரி ஆய்வகத்திலும் பளபளக்கும் மாதிரியைத்தான் நீ முதலில் கையில் எடுப்பாய். கொஞ்சமும் மாறவில்லை நீ. என்னைத் தயங்கவைப்பதே அந்த ஒரே நீலம்தான். டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் நீரும் சேர்ந்த பாஸ்பேட் கனிமம் என்று நாம் படித்தது உனக்கு நினைவிருக்கும். செம்பு நீலத்தைத் தருகிறது. அலுமினியத்தின் இடத்தில் இரும்பு புகப் புகப் பச்சை கூடுகிறது. வறண்ட நிலங்களில், செம்புள்ள பாறைக்குள் கசிந்த நீர் வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் சிறுகச் சிறுகப் படியவைத்த கல் என்பதால், ஒரே கட்டியிலிருந்து அறுத்த இரண்டு மணிகள்கூட நிறத்தில் சற்று விலகியே நிற்கும்.

கோடில்லாத வான்நீலம் இயற்கையில் கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஈரானின் நிஷாப்பூர்ச் சுரங்கக் கல் பல நூற்றாண்டுகளாக அந்த நிறத்துக்கே பெயர் பெற்றது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கமும் அத்தகைய கல்லைத் தந்தது. 2012இல் அங்கே டர்க்காய்ஸ் எடுப்பது நின்றபின் அதன் விலை ஏறிவிட்டது. அந்தத் தரத்தில் நாற்பது மணிகளை நிறம் பொருத்திக் கோர்த்து, நீ எழுதியிருக்கும் விலைக்கு ஒருவர் எப்படிக் கொடுக்க முடியும்?

கோடுகளை நீ குறையாக நினைக்கிறாய். அவை கல் உருவான தாய்ப்பாறையின் மிச்சம். பல சமயம் கல்லின் பிறப்பிடத்தையே அவை காட்டிக்கொடுக்கும். அரிசோனாவின் பிஸ்பி செம்புச் சுரங்கத்துக் கல்லில் அடர்பழுப்புத் திட்டுகள் பரவியிருக்கும். அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான நெவாடாவின் சில கற்களில் கோடுகள் வறண்ட ஏரிப் படுகையின் வெடிப்புகளைப் போல மேற்பரப்பு முழுவதும் வலைபின்னி நிற்கும். 1973இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட லேண்டர் புளூ என்ற கல், அந்தக் கரிய நுண்வலைக்காகவே மிக அதிக விலைக்குப் போகிறது. சீனாவின் ஹூபே மாகாணத்துக் கல்லிலும் நீலத்திலிருந்து பச்சைவரை கரிய வலையோடு பல வகைகள் உண்டு.

ஊட்டியில் திபெத்தியர்களின் ஸ்வெட்டர்க் கடைகளில் எனக்குப் பழக்கமான அம்மாள் ஒருவர் இருக்கிறார். அவர் தம் தாயிடமிருந்து பெற்ற மணிகளை எப்போதும் கழுத்தில் அணிந்திருக்கிறார், விற்பனைக்கு அல்ல. வியர்வையும் எண்ணெயும் ஏறி அவை பச்சைக்குத் திரும்பியிருக்கின்றன. துளையோரங்கள் நூல் உராய்ந்து வழவழப்பாகிவிட்டன. அவர் அனுமதியோடு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீலப்பச்சைக்குள் வெளிறிய நுண்புள்ளிகள் தெரிந்தன. கரிய கோடுகள் கல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்ததால் நகத்தை ஓட்டும்போது விரலுக்குத் தட்டுப்பட்டன. அந்த மேற்பரப்பை ஒருமுறை நீ தொட்டுப் பார்த்தால், உன் படத்து மாலையை இரண்டாம் முறை பார்க்க மாட்டாய் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, கடைக்கு மறுபடி போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கொண்டுபோ. முதலில் பார்க்க வேண்டியது கோர்க்கும் துளையின் உட்புறத்தை. ஹவ்லைட், மாக்னசைட் என்ற வெள்ளைக் கனிமங்களைச் சாயத்தில் ஊறவைத்து டர்க்காய்ஸ் என்று விற்பது பரவலான வழக்கம். துளைக்குள் வெண்மை எட்டிப்பார்த்தாலோ, வெடிப்புகளில் மட்டும் நிறம் திரண்டு நின்றாலோ அது சாயமேற்றிய கல் என்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை. நகப்பூச்சை நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, கடைக்காரர் சம்மதித்தால், வெளியே தெரியாத ஓரிடத்தில் துடைத்துப் பார்க்கலாம். நீலம் பஞ்சில் ஏறினால் அது சாயம். ஆனால் மேலே பிசின் பூசியிருந்தால் சாயக்கல்லும் பஞ்சைக் கறைப்படுத்தாமல் இருக்கலாம், எனவே சுத்தமான பஞ்சை நம்பிப் பணத்தை எடுத்துவிடாதே. கல்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த மணிகளில் கோடுகள் வரைந்தவை போல மேலோடு நின்றுவிடும். சூடான ஊசியால் குத்தி நெகிழி வாடையை முகர்ந்து பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. கல்லில் தழும்பு விழும், அதைச் செய்யாதே. பதக்கத்தில் கல்லின் அடிப்பக்கம் தங்கத்தகட்டால் மூடப்படுவதாக இருந்தால், பதிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்று பத்தரிடம் சொல்லிவிடு.

இன்னொன்றையும் நீ நிதானமாக யோசிக்க வேண்டும். டர்க்காய்ஸ் நுண்துளைகள் உள்ள கல். கல்யாணப் பெண்ணின் கழுத்தில் சந்தனம், மஞ்சள், தலையெண்ணெய், செண்ட், தஞ்சாவூர் வெயிலின் வியர்வை எல்லாம் படும். மிருதுவான இயற்கைக் கல் அத்தனையையும் உறிஞ்சி நிறம் மாறிவிடும். செறிவான, கெட்டியான கல் தாங்கும், ஆனால் அது அரிது. மிருதுவான அசல் கல்லுக்குள் பிசினை ஏற்றி உறுதிப்படுத்துவது நகைத்தொழிலில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான். அன்றாடம் அணிய அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. அதை மறைக்காமல் சொல்லி, ரசீதிலும் எழுதி, அதற்குரிய விலை கேட்கும் கடைக்காரரிடம் தாராளமாக வாங்கு. பிசின் ஏறியிருக்கிறதா என்பதை ரத்தினப் பரிசோதனைக்கூடத்தில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையால் கண்டறிய முடியும். இவ்வளவு பெரிய தொகைக்கு அந்தச் செலவு வீண் இல்லை.

துளையையும் மணிகளின் பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. அவை வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதே. வித்யாவுக்கு நீலம்தான் வேண்டுமா, பச்சை கலந்தால் சம்மதமா என்பதையும் அவளிடமே கேட்டு எழுது. உன் விருப்பத்தை அவள் விருப்பமாக எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
கோமதி