நான்கில் எந்த அழுகை?

காவேரிப்பட்டணம்,
ஆனிக் கடைசி.

அன்புள்ள நண்பா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு நீ திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக உன் மகள் தொலைபேசியில் சொன்னாள். படிக்கக் கூடாதென்று மருத்துவர் தடுத்திருக்கும் நாளில் இத்தனை பக்கங்களை அனுப்புவது அடாத செயல்தான். மகளைப் படிக்கச் சொல்லிக் கேள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சிரிக்கிறாளா என்பதையும் பார்த்து எழுது.

என் மாங்காய் மண்டிக் கதையைச் சென்ற மாதம் நீ திருப்பி அனுப்பியபோது, 'அவன் நெஞ்சு வெடித்துச் சிதறியது' என்ற வரிக்கு நேரே பென்சிலால் 'யாருடைய நெஞ்சு?' என்று மட்டும் எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. விலை விழுந்து நிற்கும் விவசாயியின் நெஞ்சு வேறென்ன செய்யும் என்று கேட்டுப் பதில்கூட எழுதிவைத்தேன். நல்லவேளை, அஞ்சலில் சேர்க்கவில்லை. மகளைப் பறிகொடுத்தவன், தேர்தலில் தோற்றவன், பரீட்சையில் தவறியவன் என யாருடைய கதையில் கொண்டுபோய் ஒட்டினாலும் அந்த வரி அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

திருத்தி எழுதினேன், அங்கேயும் வழுக்கினேன். உணர்ச்சியின் பெயரை அடித்துவிட்டு உடம்பின் குறிகளை எழுதினால் போதும் என்று நம்பி, உதடு துடித்தது, கை நடுங்கியது, தொண்டை அடைத்தது, நெற்றி வியர்த்தது என்று ஒரே பக்கத்தில் அடுக்கியிருந்தேன். படித்த என் மனைவி, "இவருக்கு என்ன, காய்ச்சலா?" என்று கேட்டாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். நாம் சிறுவயதில் விடியவிடியப் பார்த்த பாரதக் கூத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அங்கே கோபத்தையும் துக்கத்தையும் வேடக்காரர் தாமே பாடி, ஆடி, அறிவித்துவிடுவார். கடைசி வரிசையில் தூங்கி விழுபவனுக்கும் அது போய்ச் சேர வேண்டும். மண்ணில் கிடத்திய துரியோதனனைச் சுற்றி எழும் ஒப்பாரிக்கு அடக்கம் எதற்கு? ஆனால் ஒரு முழம் தள்ளி வைத்துத் தனியாகப் படிக்கிறவரிடம் அதே குரலில் கத்தினால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

பிறகு, மதிப்பெண்ணுக்காக நாம் நெட்டுருப் போட்ட, உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மதிப்பெண் பயமில்லாமல் எடுத்துப் பார்த்தேன். நகை, அழுகை என்று தொடங்கும் எட்டு மெய்ப்பாடுகளும் நமக்கு நினைவிருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று தொல்காப்பியர் சொன்னதை நான் அறவே மறந்திருந்தேன். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ எளியவனானதால் ஒன்று, உற்றதை இழந்ததால் ஒன்று, முன்பிருந்த நிலை கெட்டதால் ஒன்று, இல்லாமையால் ஒன்று. கண்ணீர் நான்கிலும் ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதர் செய்வது மட்டும் வேறு. என் ஆள் எப்படி அழுவான் என்று தேடிக்கொண்டிருந்த நான், நான்கில் எந்த அழுகை என்று கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியோடு போன வாரம் கிருஷ்ணகிரி மண்டியில் அரைநாள் நின்றேன். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிவந்த ஒருவரிடம், காலையில் பேசிய விலை மதியத்துக்குள் இறங்கிவிட்டதைத் தரகர் சொன்னார். கேட்டவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வண்டியின்மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்து நான்காக மடித்தார். ஓரம் ஒத்துவரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். மூன்றாம் முறை மடித்துவிட்டு, வண்டிக்காரரைப் பார்த்து, "வாங்க, மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று கடைக்கு அழைத்துப்போனார். சோறு வண்டிக்காரருக்கு மட்டும் வந்தது. இவர் எதிரில் உட்கார்ந்து, முன்கையில் காம்புப்பால் பட்டுக் கறுத்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, தமக்குப் பசியில்லை என்றார். மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டார்.

நான் அதுவரை என் கதை விவசாயியின் துயரத்தை இழவு என்றே வைத்திருந்தேன். அவரைப் பார்த்த பிறகு இளிவு என்று பட்டது. விலை இறங்கியதைவிட, அது இறங்கியபோது வண்டிக்காரர் பக்கத்தில் நின்றதே அவருக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். வாடகை வராதோ என்று வண்டிக்காரர் ஒரு நொடிகூட நினைத்துவிடக் கூடாது. இழவென்று கொண்டால் என் பாத்திரம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இளிவென்று கொண்டால் இன்னொருவருக்குச் சாப்பாடு வாங்கித்தர வேண்டும். கதையே திரும்பிவிட்டது.

பேச்சிலும் இப்படித்தான். என் பாட்டிக்குத் தாத்தாமேல் கோபம் வந்தால் அவரோடு பேசமாட்டார், ஆட்டோடு பேசுவார். "ஏ ஆடே, களி ஆறிப்போவுது, திங்கறவங்க வந்து திங்கலாம்" என்பார். தாத்தாவும் ஆட்டுக்கே பதில் சொல்லிவிட்டு வந்து உட்காருவார். ஆட்டை விட்டுவிட்டு, "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா?" என்று பாட்டி நேரே கேட்கும்போது கோபம் தீர்ந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதை இத்தனை நாள் ஒரு கதையிலும் எழுதாமல் விட்ட என்னை என்ன சொல்வது!

தகடூர்க்காரனான உனக்கு ஔவையாரை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் புறநானூற்றின் 235-ஆம் பாட்டை மகளை விட்டு ஒருமுறை வாசிக்கச் செய். ஔவையாரைப் போற்றிய தகடூர் மன்னன் அதியமான் போய்விட்டான். 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்குகிறார்: கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறார். நான் அழுகிறேன் என்று ஒரு சொல் இல்லை. அவன் செய்தவற்றைச் சொல்லி வாக்கியத்தின் கடைசியில் 'மன்' என்ற ஓர் இடைச்சொல்லை வைக்கிறார். கழிந்துபோனது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. கையின் மணமும் தலையின் நாற்றமும் தெரிந்த பிறகுதானே அந்த மன் நம்மை வந்து தாக்குகிறது!

இதற்காக எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதையின் நடுவே மகள் ஊருக்கு வரும் இடத்தை, 'அன்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது' என்று ஒரே வரியில் கடந்திருக்கிறேன். அது வழிப்போக்கு, அங்கே நின்றால் மண்டிக்குப் போய்ச் சேரமாட்டோம்.

திருத்திய பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் மட்டும் எனக்கு உன் யோசனை வேண்டும். அப்பாவின் சட்டைப் பையில் எடைச் சீட்டைக் கண்டெடுத்த மகன், அதைப் படித்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துவிடுகிறான். அதன் பிறகு அவன் அப்பாவிடம், "நாளைக்கு வண்டியில நானும் வர்றேன்" என்று சொல்வதாக எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். பிறர் பட்ட இளிவுக்காகவும் அழுகை வரும் என்று உரைகாரர் சொல்கிறாரே, அது அந்த மடிப்பிலேயே வந்துவிட்டதா, இல்லை அவனைப் பேசவிட வேண்டுமா? கண் தெளிந்ததும் பென்சிலை எடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்