களுவாஞ்சிக்குடியில் கோப்பித்தூள் அடைத்து விற்கும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

உங்கள் தூள் நல்ல கறுப்பு. கடைக்காரரும் அதைத்தான் கேட்கிறார்கள், கடுங்கோப்பி என்றால் கறுப்பாக இருக்கவேண்டும் என்று. நாக்கில் நிற்கும் அந்தக் கசப்பு கருகலால் வருவது. அதோடு காசும் புகைகிறது. ஒரு கிலோ பச்சைக் கொட்டையை நடுத்தரமாக வறுத்தால் 850 கிராம் அளவில் தேறும். கறுக்கவிட்டால் 800 தேறுவதே பெரும்பாடு. 20 கிலோ வறுத்தால் ஒரு கிலோ நட்டம்.

பதுளை வீதியால் செங்கலடிக்கு இறங்கும் கொட்டையை வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் ஈரம் போகவில்லை, விட்டுவிடுங்கள். பூஞ்சணம் பிடித்தது, பூச்சி துளைத்தது, கறுத்தது எல்லாம் பொறுக்கி எறியவேண்டும். பெரிதும் சிறிதும் கலந்திருந்தால் அரிதட்டில் பிரித்து வறுங்கள். சிறியது முந்திக் கருகும்.

தாச்சியில் ஒரு தடவைக்கு அரைக்கிலோ போதும். மிதமான நெருப்பு, கை ஓயக்கூடாது. பச்சை மஞ்சளாகி வைக்கோல் வாசம் வரும், பிறகு மண்ணிறம். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் சோளம் பொரிவதுபோல வெடிக்கத் தொடங்கும். வெடி ஓய்ந்து ஒரு நிமிடத்தில் இறக்குங்கள். அதையும் தாண்டினால் இரண்டாவது வெடி, சத்தம் மெல்லியது. கொட்டையில் எண்ணெய் மினுங்கும். அது கேட்டால் பிந்திவிட்டது.

அடுப்பை அணைத்தாலும் தாச்சிச் சூட்டில் கொட்டை வறுபட்டுக்கொண்டே இருக்கும். உடனே சுளகில் கொட்டிப் புடையுங்கள். தோல் பறக்கும், சூடும் ஆறும். இதற்குச் சுளகை விஞ்சிய மெசின் வாங்கத் தேவையில்லை.

மல்லியைக் கோப்பியோடு சேர்த்து வறுக்கவே வேண்டாம். மூன்று, நான்கு நிமிடத்தில் வறுபடும் சாமான் அது. கிலோவுக்கு 100 கிராம் மல்லி, 20 கிராம் வேர்க்கொம்பு போதும். கூடினால் குடிப்பது கசாயம்! மல்லி சேர்ந்தது என்று பைக்கற்றில் எழுதிவிடுங்கள்.

வறுத்த கொட்டையை ஒரு நாள் விட்டு அரையுங்கள். அதற்குள் இருக்கும் வாயு வெளியேறாமல் அடைத்தால் பைக்கற் ஊதி, ஒட்டிய இடம் விடும். மில்லில் உங்களுக்கு முன் மிளகாய் அரைத்திருந்தால் ஒரு சுண்டு அரிசி போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அந்த மா உங்கள் செலவு. தூள் சூடாகத்தான் விழும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துக் கட்டிபடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர், அதிலும் மாரி தொடங்கினால் திறந்து வைத்த தூள் ஒரு மணித்தியாலத்தில் ஈரம் இழுக்கும். மெல்லிய பொலித்தீன் பையில் வாசம் நிற்காது. உள்ளே வெள்ளிநிறத் தாள் ஒட்டிய பை எடுங்கள், 50 கிராம் பைக்கற்றாகவே போடுங்கள். வறுத்த திகதியும் வேண்டும்.

பின்பக்கத்தில் இப்படி அச்சடிக்கலாம்: 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 12 கிராம், அதாவது குவித்த தேக்கரண்டி மூன்று. தண்ணீர் கொதித்து அரை நிமிடம் ஆறியதும் தூளில் ஊற்றிக் கலக்கி, நான்கு நிமிடம் மூடி வைத்து, துணியில் வடிக்கவும். தூளை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம். பால்மா சேர்ப்பவர்கள் அதைச் சீனியோடு கொஞ்சம் சுடுதண்ணீரில் குழைத்த பிறகு கோப்பியை ஊற்றினால் கட்டிபடாது.

கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கும் வீடுகளில் எந்தத் தூளும் சப்பென்றுதான் இருக்கும். வாடிக்கையாளர் குறை சொன்னால் முதலில் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.