முன்கோபி என்று சொன்னால் கணக்கு முடிந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2018 ஜூன் 28 அன்று இறந்துபோன ஹார்லன் எலிசனுக்கு நீங்கள் வெளியிட்ட அஞ்சலியைப் படித்தேன். அமெரிக்க அறிவியல் புனைகதைக்காரர் ஒருவருக்குத் தமிழ் நாளிதழில் இவ்வளவு இடம் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் ‘முன்கோபி, ஆனாலும் மேதை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதுதான் இடிக்கிறது.

அவர் போட்ட சண்டைகளில் பல நியாயமானவை. ‘டெர்மினேட்டர்’ படம் தான் எழுதிய தொலைக்காட்சிக் கதையிலிருந்து எடுத்தது என்று மல்லுக்கு நின்றார், கம்பெனி பணம் கொடுத்து அவர் பெயருக்கு ஒரு நன்றியும் போட்டது. தன் பேட்டியை டிவிடியில் ஓசியாகச் சேர்க்கக் கேட்ட ஸ்டுடியோவை, எழுதுகிறவனுக்குக் காசு கொடு என்று கேமரா முன்னால் விளாசினார். கதை வந்த இதழில் ஒரு பிரதியையே சன்மானமாக வாங்கிப் பழகிய நம் ஊர் எழுத்தாளர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும் (பத்திரிகை முதலாளிகளும்தான்).

ஆனால் அதே மனிதர், தான் தொகுத்த ‘டேஞ்சரஸ் விஷன்ஸ்’ என்ற கதைத் தொகுப்பு வரிசையின் மூன்றாவது தொகுப்புக்கு என்று எழுபதுகளில் மற்றவர்களிடம் வாங்கிய கதைகளைக் கடைசிவரை வெளியிடவே இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல். காத்திருந்தவர்களில் பலர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். இதில் கோபம் எங்கே வந்தது?

இன்னொன்று, உங்கள் குறிப்பில் இல்லாதது. பெண்களின் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை அரிசோனா மாநிலம் ஏற்கவில்லை என்பதற்காக, 1978-ல் அங்கே நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராகப் போனவர், இந்த மாநிலத்தில் ஒரு காசு செலவழிக்க மாட்டேன் என்று ஓட்டலை விட்டு வண்டியிலேயே தங்கினார். அதே மனிதர்தான் 2006-ல் அந்த உலக மாநாட்டின் ஹ்யூகோ விருது மேடையில், சக எழுத்தாளர் கானி வில்லிஸின் மார்பைத் தொட்டார், அத்தனை பேர் பார்க்க. அப்புறம் மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனால் இதையும் முன்கோபம் என்ற மூட்டையில் கட்டிவிட முடியாது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று நாம் வளர்ந்திருக்கிறோம், அதனால் அந்த அம்மாவுக்கு நடந்ததுதான் விடுபட்டுப் போகிறது.

நான் அவர் கதைகளை விடப் போவதில்லை. 1967-ல் வந்த ‘வாயில்லை, ஆனாலும் கத்த வேண்டும்’ கதையில், மனித இனத்தையே அழித்த கம்ப்யூட்டர் ஐந்து பேரை மட்டும் 109 வருஷம் சாகவிடாமல் வதைக்கும். லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் எடுத்த தொகுப்பில் அதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அந்தக் கதையைத் தமிழில் போடலாமே. உரிமை வாங்கி, மொழிபெயர்ப்பவருக்கும் காசு கொடுத்துப் போடுங்கள், கூடவே வரும் அறிமுகத்தில் 2006-ஐயும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
மயிலாப்பூர், சென்னை - 4