மகளே, ஏப்ரலைக் கவனி

அன்பு மகளுக்கு,

கிழக்கு ஜேர்மனியில், உன் கொட்புஸ் வீட்டுப் படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவுக்குக் குசினி பிடித்துவிட்டது, எனக்குப் பின்வளவு. செரி மரம் ஒன்று, வேலியோரம் பழைய குழாய்க் கிணறு, மிச்சமெல்லாம் புல். அந்தப் புல்லை மறந்துவிடு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ரெலிபோனில் சொன்னால் "அப்பா திரும்பவும் வெதர் கதைக்கத் தொடங்கிட்டார்" என்று அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய். கடிதத்தில் அந்தச் சங்கடம் இல்லை.

"வருஷ மழை குறையவே இல்லையே அப்பா" என்று வீடு பார்க்கும்போது சொன்னாய். கணக்குச் சரிதான். ஜேர்மனி முழுவதற்கும் 1961–1990 சராசரி, சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 789 லீற்றர். 1991–2020 இல் 791. குறையவில்லை, இரண்டு லீற்றர் கூடித்தான் இருக்கிறது! ஆனால் 2018க்குப் பிறகு இங்கே சவர்லாண்ட் மலைகளில் ஊசியிலைக் காடுகள் பழுப்பாகி நின்றதை நீயும் பார்த்தாய். வேர் ஆழம் போகாத மரங்கள். தண்ணீர் இல்லாமல், வண்டைத் தடுக்கும் பிசினைச் சுரக்க வலுவிழந்தன, மீதியைப் பட்டை வண்டு முடித்தது. மழை குறையாமல் வறட்சி எங்கிருந்து வந்தது? வருஷக் கணக்கில் தேடினால் அகப்படாது. மாதம் மாதமாகப் பார்க்க வேண்டும்.

ஊரில் எங்கள் கிணறு மாரியில் நிறையும். சித்திரை, வைகாசி வெயிலுக்கு அதுதான் கைமுதல். மாரி ஏமாற்றினால், பிறகு வருகிற ஓரிரு மழை தோட்டத்தை நனைக்குமே தவிரக் கிணற்றை நிரப்பாது. இந்த நாட்டின் மாரி, நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும். மரங்கள் இலையுதிர்த்து உறங்கும் அந்த ஆறு மாதத்தில் பெய்வதுதான் பெரும்பாலும் கீழே இறங்கி நிலத்தடி நீராகிறது. ஜூலை இடிமழையில் ஒரு பங்கு ஓடிவிடும், மீதியை வேரும் வெக்கையும் எடுத்துக்கொள்ளும்.

அந்த ஆறு மாதத்தைத்தான் இரண்டு பக்கமும் கடித்துக்கொண்டு வருகிறது சூடு. 2024 மார்ச்சின் சராசரி வெப்பநிலை 7.5 பாகை. 1961–1990 இல் ஏப்ரலே 7.4 தான். அதற்கு முந்திய பெப்ரவரி 6.6. பழைய பெப்ரவரி வெறும் 0.4. அந்தப் பக்கம் பார்த்தால் 2023 செப்டெம்பர் 17.2. பழைய ஜூலைச் சராசரி 16.9 என்பதை வைத்துப் பார், நீ பிறக்கும் முன்னர் நடுக்கோடையில் இருந்த சூட்டை விட அந்தச் செப்டெம்பர் கூடுதல். மரங்கள் முந்தி விழிக்கின்றன, பிந்தி உறங்குகின்றன, விழித்திருக்கும் வரை குடிக்கின்றன. இதோடு வசந்தமும் வறண்டால் என்ன ஆகும்? 2025 மார்ச்சில் வழக்கமான மழையில் மூன்றில் ஒரு பங்குதான் பெய்தது. 1881இல் பதிவு தொடங்கியதிலிருந்து மிக வறண்ட வசந்தங்களில் அந்த வருஷத்து வசந்தமும் ஒன்று.

எல்லோருக்கும் 2019 ஜூலை 25 நினைவிருக்கும். டூயிஸ்பூர்க்கில் 41.2 பாகை, இன்றுவரை நாட்டின் உச்சம். யன்னல் மறைப்பை இறக்கிவிட்டு வீட்டுக்குள் கிடந்தோம். பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது. அப்படி ஒரு நாள் வந்து போய்விடும். சத்தமில்லாமல் காய்கிற ஏப்ரலுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

மாத முடிவில் ஜேர்மன் வானிலைச் சேவை வெளியிடும் அறிக்கையைப் படித்துப் பழகு. ஒவ்வொரு மாதத்தையும் இரண்டு சராசரிகளோடு ஒப்பிடுவார்கள், 1961–1990 ஒன்று, 1991–2020 மற்றது. இரண்டாவது ஏற்கெனவே சூடேறிய காலம். அதோடு ஒப்பிட்டு "வழக்கமான மாதம்" என்று வந்தால் நிம்மதியடையாதே, பழையதையும் பார். லைப்சிக் நகரத்துச் சூழல் ஆய்வு நிலையத்தின் வறட்சி வரைபடமும் இருக்கிறது. அதிலும் இரண்டு படங்கள். ஒன்று மேல் மண் 25 சென்ரிமீற்றர், மற்றது ஏறத்தாழ 1.8 மீற்றர் ஆழம் வரை. ஒரு கிழமை மழை பெய்தால் மேல் மண் படம் வெளுத்துவிடும், ஆழத்துப் படம் சிவப்பாகவே நிற்கும். கத்தரிக்கு முதல் படம் போதும். உன் செரி மரம் இரண்டாவது படத்தில்தான் வாழ்கிறது.

உன் பக்கம் இன்னும் சிக்கல். உங்கள் பிராண்டன்பேர்க் மாநிலத்து மண் மணல், தண்ணீர் நிற்காது. மழையும் எங்கள் பக்கத்தை விடக் குறைவு. உங்கள் ஊர் வழியே ஓடும் ஸ்பிறே ஆறு இருக்கிறதே என்பாய். நிலக்கரிச் சுரங்கம் தண்ணீரில் மூழ்காமல் இருக்க, நூறு வருஷத்துக்கு மேலாக நிலத்தடி நீரை இறைத்து அந்த ஆற்றில் விட்டு வந்தார்கள். 2038க்குள் நிலக்கரி நிற்க வேண்டும் என்பது சட்டம். பம்பும் நின்றால், வறண்ட கோடை மாதங்களில் ஓட்டம் சில இடங்களில் 75 சதவீதம் வரை குறையலாம் என்று மத்திய சூழல் திணைக்களத்தின் ஆய்வு சொல்கிறது. நிலக்கரி நிற்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பேர்லின் வரை குடிதண்ணீர் கொடுக்கிற ஆறு அது. உங்கள் ஊரின் புது ஏரி கூடப் பழைய சுரங்கக் குழிதான். 2019இல் ஸ்பிறேத் தண்ணீரைத் திருப்பி நிரப்பத் தொடங்கியவர்கள், வறண்ட மாதங்களில் நிறுத்தி நிறுத்தித்தான் நிரப்பினார்கள்.

சரி, வளவுக்கு வருவோம். புல்லுக்குத் தண்ணீர் விடாதே, காய்ந்தாலும் மழைக்குத் துளிர்க்கும். பாதியைக் கொத்தி மூலிகையும் பூச்செடியும் வை. செரிக்கு, ஏப்ரல் வறண்டால் பத்து நாளைக்கு ஒருமுறை விடிய வெள்ளனவே நிறைய ஊற்று, தினமும் தெளிப்பதில் பயனில்லை. மண் வெறுமையாக இருக்கக் கூடாது, சருகைப் பரப்பு. கூரைப் பீலிக்குக் கீழே பெரிய பீப்பாய் ஒன்று வாங்கி வை. கோடையில் ஆறு, ஏரியில் மோட்டார் வைத்து இறைக்க மாவட்டங்கள் தடை போடுவதும் உண்டு, உன் கிணற்றுக்கு என்ன விதி என்று நகரக் கந்தோரில் கேள்.

அம்மா தக்காளி, மிளகாய்க் கன்று தந்துவிட நிற்கிறா. மே 15 வரை வெளியில் நடாதே. மார்ச் சூட்டைப் பார்த்து ஏமாந்துதான் 2024இல் சக்சன் மாநிலப் பக்கத்து அப்பிள் மரங்கள் முந்திப் பூத்தன. ஏப்ரல் கடைசியில் வந்த உறைபனி பெரும்பகுதியைக் கருக்கிவிட்டது. சூடு முந்துகிறதே தவிர, பனி இன்னும் பழைய கலண்டரில்தான் இருக்கிறது.

கிணற்றுக் குழாய் எத்தனை மீற்றர் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுது. ஆழம் குறைவென்றால் மோட்டார் வாங்கும் காசை மிச்சம் பிடித்து இரண்டாவது பீப்பாய் வாங்கு.

அன்புடன்,
அப்பா